கிளட்சைப் பிடிக்கும் கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த மறுநாள் இரவு, அம்மாவுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்துமா பழைய நோய்தான். ஆனால் அன்று இன்ஹேலர் கேட்கவில்லை. உதடு கறுத்துக்கொண்டே வந்தது. எங்கள் ஊரிலிருந்து வத்தலக்குண்டு எட்டு கிலோமீட்டர். என் ஸ்கூட்டர் திண்டுக்கல்லில், நான் குடியிருக்கும் வாடகை வீட்டில் நின்றது. பண்டிகைக்கு பஸ்ஸில் வந்திருந்தேன். தம்பி கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போயிருந்தான். அவனுடைய மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றது, சாவி ஆணியில் தொங்கியது.

பத்து வருடமாக வண்டி ஓட்டுகிறவள் நான். லைசென்ஸ் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் சாவியை எடுத்து ஸ்டார்ட் செய்தேன். கியரைப் போட்டு இடது கையை விட்டேன். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை சாயப் பார்த்தது, திண்ணையில் முட்டி நின்றது. சத்தம் கேட்டு பக்கத்து வீட்டுப் பையன் எழுந்து வந்தான். பத்தாம் வகுப்பு படிக்கிறவன். "தள்ளுங்கத்தை, நான் எடுக்கிறேன்" என்றான். அம்மாவை நடுவில் உட்கார வைத்து, நான் பின்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் மருத்துவமனை. அம்மா பிழைத்துக்கொண்டாள்.

அன்று விடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் கல்லூரி ஒன்றில் நான் இயற்பியல் ஆசிரியை. பன்னிரண்டு வருடமாக உராய்வைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். நிலை உராய்வு, இயக்க உராய்வு, முறுக்கு விசை எல்லாவற்றுக்கும் கரும்பலகையில் படம் போடுவேன். லைசென்ஸ் வாங்கும் வயதுகூட வராத ஒரு பையனுக்கு வண்டி கட்டுப்பட்டது, எனக்குக் கட்டுப்படவில்லை. எனக்குத் தெரியாதது இயற்பியல் அல்ல. பிறகு என்ன?

அவனுக்கும் யாரும் பாடம் எடுக்கவில்லை. நான்கு வயதில் அப்பாவின் வண்டியில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து ஹாண்டில்பாரைப் பிடித்திருப்பான். எட்டு வயதில் அவன் கைமேல் மாமா கையை வைத்து கிளட்சை அமுக்கியிருப்பார். பன்னிரண்டு வயதில் கண்மாய்க் கரையில் தனியாக விட்டிருப்பார்கள். விழுந்திருப்பான், சிரித்திருப்பார்கள், மறுபடி ஏற்றிவிட்டிருப்பார்கள். அதே வீட்டில் அவனுடைய அக்காவும் அதே டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிறாள். எந்த வயதில் அவளை அங்கிருந்து இறக்கிப் பின்சீட்டுக்கு மாற்றினார்கள் என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. எங்கள் வீட்டிலும் யாருக்கும் நினைவில்லை.

கிளட்ச் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினால் நின்றுகொண்டிருக்க முடியாது. சும்மா ஓடும்போதுகூட 100 சிசி வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 முறை சுற்றுகிறது. அதற்கு மிகவும் கீழே போனால் அணைந்துவிடும். சக்கரமோ சிக்னலில் அசையாமல் நின்றாக வேண்டும். சுற்றுவதை நிறுத்த முடியாத ஒன்றையும் அசையாமல் நிற்கும் ஒன்றையும் திடீரென்று பிணைத்தால் இரண்டில் ஒன்று தோற்கும். வண்டி துள்ளும் அல்லது எஞ்சின் அணையும். அன்றிரவு எங்கள் முற்றத்தில் நடந்தது அதுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது கிளட்ச். வலது பக்க மூடிக்குள் ஒரு கிண்ணம் போன்ற உறை இருக்கிறது, அதை எஞ்சின் சுற்றுகிறது. உறைக்குள்ளே ஒரு மையத்துண்டு, அது கியர் பெட்டியோடு சேர்ந்தது. இரண்டுக்கும் இடையில் வட்டத் தகடுகள் தோசைக்கல்லில் அடுக்கிய தோசைபோல ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். உராய்வுப் பொருள் ஒட்டிய தகடு ஒன்று, வெறும் இரும்புத் தகடு ஒன்று, மறுபடி உராய்வுத் தகடு. ஒரு வகைத் தகடுகள் உறையைப் பிடித்துக்கொண்டு சுற்றும். மற்ற வகை மையத்துண்டைப் பிடித்திருக்கும். மேலிருந்து ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை இறுக்கி அமுக்குகின்றன. அமுங்கியிருக்கும்வரை எல்லாம் ஒன்றாகச் சுற்றும், எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகும். இடது கையால் லிவரை இழுத்தால் கேபிள் ஒரு தண்டைத் தள்ளும். அது ஸ்பிரிங்குகளின் பிடியைத் தளர்த்தும், தகடுகள் விலகும். எஞ்சின் தன் பாட்டுக்குச் சுற்றும், சக்கரம் தன் பாட்டுக்கு நிற்கும்.

கவனித்தீர்களா? கிளட்சைப் பிடிப்பது என்று சொல்கிறோம். ஆனால் நாம் கையால் பிடிக்கும்போது அது விடுகிறது, நாம் விடும்போது அது பிடிக்கிறது. லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர்வரை வெறுமையாக ஓடும். அதைத் தாண்டிய பிறகுதான் வேலை. மெல்ல விட்டுக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் தகடுகள் ஒன்றையொன்று தொடும், வழுக்கும், வழுக்கிக்கொண்டே இழுக்கும். இதைத்தான் நம் ஊரில் ஹாஃப் கிளட்ச் என்கிறார்கள். அந்த ஒரு இடத்தைக் கை தெரிந்துகொண்டால் வண்டி உங்களுடையது. அந்த இடம் எங்கே என்று எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது. வண்டிக்கு வண்டி மாறும். கேபிள் இழுபட்டால் மாறும். தகடு தேய்ந்தாலும் மாறும்.

ஸ்கூட்டரிலும் கிளட்ச் உண்டு. அதை யாரும் பிடிப்பதில்லை, அவ்வளவுதான். அதற்குள் இருக்கும் கட்டைகளைச் சிறு ஸ்பிரிங்குகள் உள்நோக்கி இழுத்து வைத்திருக்கின்றன. எஞ்சின் வேகம் கூடக்கூட அவை வெளிநோக்கிப் பாய்ந்து ஓர் உருளையின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். எப்போது சேர வேண்டும், எப்போது பிரிய வேண்டும் என்பதை எஞ்சினின் வேகமே முடிவு செய்கிறது. ஓட்டுகிறவளிடம் யாரும் கேட்பதில்லை.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1980-இல் வந்த டிவிஎஸ் 50-யும் அதற்குப் பின் வந்த கியரில்லாத ஸ்கூட்டர்களும் தமிழ்நாட்டுப் பெண்களுக்குச் செய்ததை எந்தச் சொற்பொழிவும் செய்யவில்லை. கால் வைக்கும் இடத்தில் அரிசி மூட்டை வைக்கலாம், குழந்தையை நிறுத்தலாம், சேலையோடு உட்காரலாம். காலையில் அண்ணன் எழுந்திருக்கக் காத்திருக்க வேண்டாம். நான் வேலைக்குப் போனதும், வேண்டாத கல்யாணத்தை வேண்டாமென்று சொன்னதும் ஒரு பழைய ஸ்கூட்டியின் தயவில்தான். அந்த எளிமை உண்மையான எளிமை.

என் கேள்வி வேறு. ஒருவருக்கு ஒரு சிரமத்தை நாம் இல்லாமல் செய்துவிடுகிறோம். அது எப்போது அன்பாகிறது? எப்போது பறிப்பாகிறது?

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருசக்கர லைசென்ஸைக் கியர் இல்லாதது, கியர் உள்ளது என்று இரண்டாகப் பிரிக்கிறது. அதில் ஆண், பெண் என்ற சொல் கிடையாது. ஆனால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் போய் நின்ற அன்று என்னிடம் யாரும் எது வேண்டும் என்று கேட்கவில்லை. விண்ணப்பத்தில் அவர்களே டிக் அடித்துவிட்டார்கள். 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கியது. வண்டி விலையில் பாதி, அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியமாகக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது பெரிய காரியம். ஆனால் நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். வண்டி 125 சிசிக்கு மேல் போகக் கூடாது, கியர் இல்லாததாகவோ தானியங்கிக் கியர் உள்ளதாகவோ இருக்க வேண்டும் என்று இருந்தது. கொடுத்த கையே, இதற்குமேல் உனக்கு வேண்டியிருக்காது என்றும் சொல்லிவிட்டது.

இன்னொரு விதி இதைவிட எனக்குச் சுவாரஸ்யமானது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், பின்சீட்டு உள்ள ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க இடமும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று உள்ளது. பின்னால் உட்காருகிறவரின் உடை சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காக. நாம் அதை சாரி கார்டு என்கிறோம். எத்தனையோ உயிர்களைக் காத்த நல்ல விதி. ஆக, மோட்டார் சைக்கிளைக் கட்டியபோது யாரும் பெண்ணை நினைக்கவில்லை என்று நாம் புலம்ப முடியாது. நினைத்திருக்கிறார்கள். பின்சீட்டில் உட்காருகிறவளாக நினைத்திருக்கிறார்கள். முன்சீட்டில் நினைத்திருந்தால் கிளட்ச் லிவர் சிறிய கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கும், அல்லது திருகி நெருக்கிக்கொள்ள வழி இருந்திருக்கும். விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் அது இல்லை. என் விரல்களின் முதல் கணு மட்டும்தான் தம்பியின் வண்டியில் லிவரைத் தொடும். இது உடலின் பலவீனம் என்று ரொம்ப நாள் நம்பினேன். லிவரின் அளவு என்பது பிறகுதான் புரிந்தது.

அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980-இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணைப் போல எறிதல் என்பது அதன் தலைப்பு. பெண்கள் பந்தை எறியும்போது முழு உடலையும் அந்தச் செயலுக்குள் கொண்டுவருவதில்லை, கையை மட்டும் வீசுகிறார்கள் என்று அவர் கவனித்தார். தன்னைச் சுற்றியுள்ள வெளி முழுவதும் தனக்கானதல்ல என்று கற்றுக்கொண்ட உடல் அப்படித்தான் அசையும் என்பது அவர் வாதம். செய்ய முடியும் என்ற உந்துதலும் செய்ய முடியாது என்ற பின்னிழுப்பும் ஒரே நேரத்தில் ஒரே உடலில் நடக்கின்றன. அன்றிரவு என் இடது கை செய்தது அதையே. விட வேண்டும் என்று தெரியும், விட பயம். பயம் முற்றியதும் சட்டென்று முழுவதும் விட்டுவிட்டேன். பாதியில் நிறுத்தும் நம்பிக்கை இருந்தால்தான் கை பாதியில் நிற்கும்.

இந்தக் கையை எனக்கு விளக்கியவள் அம்மா.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு ஒருநாள், கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்குத் தாளில் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்காக என்று சொல்கிறேன், எனக்காகத்தான் போட்டேன். இரண்டு நிமிடம் கேட்டாள். "இதுக்கா இத்தனை படம்? நான் பாபின் சுத்துறப்ப செய்றதுதானே" என்றாள்.

அம்மா நாற்பது வருடம் தையல் தைத்தவள். கால் மிஷின். ரவிக்கை தைத்துத்தான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தாள். தையல் தெரிந்தவர்களுக்கு அவள் சொன்னது உடனே புரிந்திருக்கும். பாபினில் நூல் சுற்றும்போது ஊசி மேலும் கீழும் அடிக்கக் கூடாது. அதற்காக வலது பக்கச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்துவார்கள். பிறகு மிதித்தால் சக்கரம் சுற்றும், நூல் சுற்றும், ஊசி அசையாது. முடிந்ததும் திருகை இறுக்கினால் ஊசி மறுபடி சக்கரத்தோடு சேர்ந்துவிடும். சுற்றிக்கொண்டே இருக்கும் ஒன்றிலிருந்து வேலை செய்யும் ஒன்றை வேண்டும்போது பிரிப்பதும் வேண்டும்போது சேர்ப்பதும்தான் அது. பட்டறைக்காரர் மொழியில் அதன் பெயர் கிளட்ச். அம்மா அதற்குப் பெயர் வைக்கவில்லை. நாற்பது வருடம் நாளுக்குப் பத்து முறை அதைச் செய்தாள். பெல்ட் தளர்ந்தால் வெட்டி ஒட்டினாள், எண்ணெய் விட்டாள், தையல் தவறினால் ஊசியின் உயரம் பார்த்தாள். அவளை யாரும் இயந்திரம் தெரிந்தவள் என்று சொன்னதில்லை. "கை சுத்தம்" என்றார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தெரிந்த தம்பியை அதே வாய் மெக்கானிக் என்றது.

பெண்களுக்கு இயந்திர அறிவு கிடையாது என்பது பொய் என்று நமக்குத் தெரியும். அந்தப் பொய் எப்படி நிற்கிறது என்பதை அன்று பார்த்தேன். நம்மிடம் இருக்கும் அறிவுக்கு அறிவு என்ற பெயரைக் கொடுக்காமல் இருந்தாலே போதும். பெயரில்லாத அறிவு ஓர் இயந்திரத்திலிருந்து இன்னோர் இயந்திரத்துக்குத் தாண்டிப் போகாது. அம்மாவின் கையில் இருந்த கிளட்ச் எனக்கு வந்து சேராமல் போனது அப்படித்தான்.

எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தது என் மாணவி ஒருத்தி. இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். அப்பாவுக்குக் கால் நரம்பு பாதித்த பிறகு அவருடைய வண்டியில் பால் கேன்களைக் கட்டி சொசைட்டிக்குக் கொண்டுபோகிறாள். விடுதலை என்று அவள் அதைச் சொல்வதில்லை, வேறு ஆள் இல்லை என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ந்த கண்மாயில் வைத்து எனக்குப் பாடம். "மேம், கையை விடாதீங்க. விரலை மட்டும் விடுங்க. எஞ்சின் சத்தம் ஒரு இடத்துல கம்மும். அங்க நில்லுங்க. நிக்கிறதுதான் மேம் வேலை." பன்னிரண்டு வருடம் நான் நடத்திய உராய்வுப் பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. தகடுகள் தொடும் நொடியில் எஞ்சின்மேல் சுமை ஏறுகிறது, அதனால் சத்தம் தாழ்கிறது. காது அதைக் கண்ணுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும்.

ஐந்தாறு வாரம் ஆனது. அதற்குள் தம்பி வண்டியின் கிளட்ச் பிளேட்டைக் கருக்கிவிட்டேன். மெக்கானிக் அண்ணன் மூடியைக் கழற்றும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கறுத்த தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பெண் ஓட்டியதால்தான் இப்படி என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "பழகுறவங்க கருக்கினது கொஞ்சந்தான் டீச்சர். டிராபிக்ல ரெண்டு விரலை லிவர் மேலயே வச்சுக்கிட்டு ஓட்டுறான் பாருங்க, அவன்தான் மாசத்துக்கு நாலு பேர் வர்றான்" என்றார்.

அவர் சொன்னதற்கு ஒரு கணக்கு உண்டு, அதை வகுப்பில் போட்டிருக்கிறேன். நிற்கும் ஒன்றை, மாறாத வேகத்தில் சுற்றும் ஒன்றோடு கிளட்ச் வழியாகச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். சாலையின் எதிர்ப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நிற்பது முழு வேகத்துக்கு வரும்போது எவ்வளவு இயக்க ஆற்றல் பெற்றதோ, அதே அளவு ஆற்றல் தகடுகளில் வெப்பமாகப் போயிருக்கும். மெதுவாகச் சேர்த்தாலும் வேகமாகச் சேர்த்தாலும் அந்த அளவு மாறாது. சரிபாதி. அசைவில்லாத நிலையிலிருந்து கிளம்புவதற்கு உலகம் கேட்கும் விலை அது. ஆனால் தகடுகள் முழுக்கச் சேர்ந்துவிட்டால் ஒன்றுக்கொன்று வழுக்காது. நிலை உராய்வு பிடித்துக்கொள்ளும், அதில் வெப்பமே இல்லை. விலை ஒருமுறைதான்.

மேட்டில் வண்டியை பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே நிறுத்தி வைத்தால் கணக்கு வேறு. சக்கரம் நகராது. எஞ்சின் தரும் அத்தனையும் தகட்டில் சூடாகிக்கொண்டே இருக்கும். சேரவும் மாட்டாது, பிரியவும் மாட்டாது. அப்போதுதான் கருகும். ஆக உராய்வு இரண்டு வகை. ஒன்று முடிவில் சேர்த்துவிட்டு ஓய்வது. மற்றொன்று ஓயவே ஓயாதது.

கல்யாண மேடைகளில் குடும்பம் ஒரு வண்டி, கணவனும் மனைவியும் இரு சக்கரங்கள் என்று பேசுவார்கள். அந்த வண்டியில் கிளட்ச் யார் என்று எந்தப் பேச்சாளரும் சொல்லிக் கேட்டதில்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று யாரிடம் சொல்கிறார்களோ அவள்தான். மாமியார் ஒரு வேகம், கணவன் ஒரு வேகம், பிள்ளைகள் ஒரு வேகம். எல்லா வேகங்களும் அவள்மேல் வழுக்கிப் பொருந்துகின்றன. புது இடத்தில் முதல் சில மாதம் எல்லோரும் கொஞ்சம் வழுக்குவது இயல்பு. முப்பது வருடம் ஒருத்தியே வழுக்கிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் பொருத்தம் அல்ல. ஆனால் இந்த உவமையை இதற்குமேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. தகடு தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதியது போடலாம். மனுஷியை அப்படிப் போட முடியாது, போடலாம் என்று நினைத்த வீடுகளும் நமக்குத் தெரியும்.

இந்த இரண்டு உராய்வுகளை வைத்துக்கொண்டு என் பழைய கேள்விக்குத் திரும்புகிறேன். கியர் வண்டியைக் கற்றுக்கொள்ளும் சிரமத்திலிருந்து என்னை வீடு காப்பாற்றியது. விழாமல், சிரிப்புக்கு ஆளாகாமல், முட்டி தேயாமல் காப்பாற்றியது. அந்தச் சிரமம் ஐந்தாறு வாரத்தில் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது வேறொரு சிரமம். "தம்பி, கொஞ்சம் கொண்டுவந்து விடுறியா" என்று கேட்பது, அவன் முகத்தைப் பார்த்துக் கேட்பது, அவன் தூங்கி எழும்வரை பொறுப்பது, அவன் இல்லாத இரவில் திண்ணையில் முட்டி நிற்பது. கற்பதின் உராய்வு முடிந்துபோகும். கேட்பதின் உராய்வு முடிவதே இல்லை. முதலாவதை நீக்கி இரண்டாவதை விட்டுவைக்கும் எளிமையைப் பரிசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1792-இல் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பெண்ணுரிமை பற்றிய தன் நூலில் ஆண்களின் உபசாரத்தைச் சந்தேகித்தார். பெண்ணுக்காகக் கதவைச் சாத்த ஓடுவதும் விழுந்த கைக்குட்டையை எடுத்துக்கொடுப்பதும் மரியாதைபோலத் தெரிந்தாலும் அவளைப் பலமற்றவளாகவே வைத்திருக்கப் பயன்படுகின்றன என்றார். இன்று நம் பெட்ரோல் பங்க்கில், பஞ்சர் கடையில், சைடு ஸ்டாண்டு மாட்டிக்கொண்ட இடத்தில், "நீங்க விடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்று வரும் கைகளும் பெரும்பாலும் நல்ல கைகள்தான். அவற்றை வெறுக்க வேண்டியதில்லை. நமக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுச் செய்கின்றனவா, நம்மை நகர்த்திவிட்டுச் செய்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு, என் மாணவிகளே சொன்னார்கள். மின்சார வண்டி வந்துவிட்டது. மின்மோட்டாருக்கு நின்ற நிலையிலிருந்தே இழுக்கும் வலு உண்டு, சும்மா சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் பெரும்பாலான மின்வண்டிகளில் கிளட்ச் கிடையாது. அழியப்போகும் ஒரு வித்தைக்கு ஏன் இவ்வளவு ஏக்கம்? ஆண்கள் செய்வதையெல்லாம் செய்து காட்டுவதா பெண்ணியம்?

அல்ல. கிளட்ச் ஒழிந்தால் எனக்கு வருத்தமில்லை, காற்று சுத்தமாகும். கியர் வண்டி ஓட்டும் பெண் உயர்ந்தவள், ஸ்கூட்டர் ஓட்டுகிறவள் தாழ்ந்தவள் என்று புதிதாக ஒரு படிக்கட்டு கட்டவும் நான் வரவில்லை. நம் தெருக்களில் ஸ்கூட்டர் ஓட்டும் ஆண்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு இரண்டும் தெரியும், வசதிக்காக ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அது தேர்வு. ஒன்று மட்டும் கொடுக்கப்பட்டவளிடம் உன் தேர்வு என்று சொல்வது கேலி. கிளட்ச் போனாலும் இந்த வித்தியாசம் போகாது. பேட்டரியின் மூடியைத் திறக்கும் ஸ்பேனர் யார் கையில் இருக்கும் என்பதில் அது மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நமக்கு எது ஏற்றது என்று அடுத்தவர் முடிவு செய்தது எப்போதும் சரியாக இருந்ததுமில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதுதான் மேல் என்றார்கள், முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று. பெண்ணின் அடக்கத்தை நினைத்து வளைத்த கம்பியைவிட, ஆணுக்காக நேராக வைத்த கம்பி அம்மாக்களுக்கு அதிகம் உதவியது. இதை எந்த வடிவமைப்பாளரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார். கற்றுக்கொண்டவர்களே கண்டுபிடித்தார்கள்.

தெரேசா வாலக், ஃப்ளோரன்ஸ் பிளெங்கிரன் என்ற இரண்டு பெண்கள் 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து 600 சிசி பாந்தர் மோட்டார் சைக்கிளில் பக்கவண்டியும் இழுவைப் பெட்டியும் மாட்டிக்கொண்டு கிளம்பி, சஹாராவைக் கடந்து, 1935 ஜூலையில் கேப் டவுன் சேர்ந்தார்கள். வாலக் பிற்காலத்தில் அமெரிக்காவில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். 1970-இல் ஒரு பயிற்சிப் புத்தகமும் எழுதினார். பாலைவன மணலில் சக்கரம் புதைந்து தள்ளியவர் அந்தப் புத்தகத்தின் தலைப்பில் வைத்த சொல் எளிது என்பது. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. கற்பதற்கு முன்னால் வரும் எளிமை ஒன்று உண்டு, அதை அடுத்தவர் தருகிறார். கற்ற பிறகு வரும் எளிமை ஒன்று உண்டு, அதை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது. முதலாவது கெட்டதல்ல. ஆனால் அது இரண்டாவதற்குப் போகும் வழியை அடைக்கிறதா, திறந்து வைக்கிறதா என்பதை வைத்துத்தான் அது அன்பா பறிப்பா என்று சொல்ல முடியும். வேண்டாம் என்று சொல்லியும் நான் போக வேண்டிய இடத்துக்குப் போக முடிகிறது என்றால் அது பரிசு. வேண்டாம் என்றால் வீட்டிலேயே நிற்க வேண்டும் என்றால் அது வேலி.

போன வருடம் எட்டு போட்டுக் காட்டி, கியர் உள்ள வண்டிக்கும் லைசென்ஸ் வாங்கினேன். எட்டுக்குள் அவ்வளவு மெதுவாக வளைவதற்கு ஹாஃப் கிளட்ச் தெரிந்திருக்க வேண்டும். கால் ஊன்றவில்லை. கல்லூரிக்கு இப்போதும் ஸ்கூட்டரில்தான் போகிறேன். டிபன் கூடை வைக்க இடம் இருக்கிறது, குதிகால் செருப்பு போடலாம், இடது கை சும்மா இருக்கிறது. அதே ஸ்கூட்டர்தான், ஆனால் அதில் உட்காருவது இப்போது வேறு மாதிரி இருக்கிறது.

ஊருக்குப் போகும்போது தம்பியின் வண்டியை எடுத்து அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, சேலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்கிறாள். ஆற்றுப்பாலத்து மேட்டில் நான் கியர் மாற்றும்போது ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பின்னாலிருந்து, "இப்ப திருகை விட்டுட்டியா, இறுக்கிட்டியா?" என்று கேட்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான். அவன் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மாயில் நான் சொல்லிக் கொடுக்கிறேன். நேற்று அவளும் மூன்று முறை வண்டியை அணைத்தாள். நான் சிரிக்கவில்லை, வண்டியை வாங்கிக்கொள்ளவும் இல்லை. சத்தம் எங்கே கம்முகிறது என்று மட்டும் கேட்டேன்.